ராணியின் மணியும் ரிவர்ஸ் கியரும்

அத்தியாயம் 5

டமாரம் அந்த டிக்கெட்டை நான்காவது முறையாக வெளியே எடுத்துப் பார்த்தான். கோட்டை, பெரிய அரண்மனை, குதிரை லாயம், வெற்றித் தூண், ஏரி மாளிகை என்று ஐந்து கட்டங்கள். ஒவ்வோர் இடத்துக்குப் போகும்போதும் ஒரு கட்டத்தில் ஓட்டை போடுவார்கள். இந்தப் பழைய ராஜ நகரத்தில் வந்து இறங்கி மூன்று மணி நேரம் ஆகிறது. இதுவரை ஒரே ஓர் ஓட்டைதான் விழுந்திருக்கிறது, அதுவும் பெரிய அரண்மனையின் வாசலில். வாசலைத் தாண்டியதும் எல்லோரும் தர்பார் மண்டபத்தைப் பார்க்கப் போனார்கள். அவனையும் அண்ணியையும் மட்டும் ஒரு காவலாளி நிர்வாகியின் அறைக்கு அழைத்துப் போனான்.

"சுற்றுலான்னு சொல்லித்தானே அண்ணி கூட்டிட்டு வந்தீங்க?"

"சுற்றுலாதான் தம்பி. ஒரே இடத்தையே சுத்திச் சுத்தி வரப்போறோம், அவ்வளவுதான்."

டமாரத்துக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை இப்போது வங்கிக்காரர்கள் மட்டும்தான் சொல்கிறார்கள். ஆறாம் வகுப்பு படிக்கும்போது அண்ணன் ஒளித்து வைத்த சிகரெட் பெட்டியைப் பற்றித் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இது. அண்ணி பார்க்கும் துப்பறிகிற வேலைக்கு இப்படி ஓர் ஓட்டை வாயை யாராவது உதவிக்கு வைத்துக்கொள்வார்களா என்று கேட்டால் அண்ணியிடம் பதில் தயாராக இருக்கும். "இவன் வாய் ஓடிட்டே இருந்தா எல்லாரும் இவனையே பார்ப்பாங்க. நான் நிம்மதியா மத்ததைப் பார்ப்பேன்."

நிர்வாகியின் மேஜையில் இரண்டு பேர் தாராளமாகக் கால் நீட்டிப் படுக்கலாம் போல இருந்தது. அதன் நடுவில் '14' என்று பொறித்த ஒரு பித்தளை வில்லை. பக்கத்தில் தட்டச்சு செய்த ஒரு கடிதம், கையெழுத்துக்குக் காத்திருந்தது.

மேஜைக்கு இந்தப் பக்கம் அந்த வில்லையின் சொந்தக்காரர் நின்றுகொண்டிருந்தார். பத்தொன்பது வருடங்களாக இந்த அரண்மனையைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி. பார்வையாளர்களின் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து கதை சொல்வது அவர் வழக்கம். திரும்பிப் பார்க்காமல் பன்னிரண்டு அறை, நாற்பத்தோரு படி, ஒரு தோட்டம் எல்லாவற்றையும் கடந்துவிடுவார். அதனால் வாசல் காவலாளி முதல் தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் அவர் 'ரிவர்ஸ் கியர்'. இன்றைக்கு அந்த மனிதர் இருந்த இடத்திலேயே நியூட்ரலில் நின்றார்.

பக்கத்தில் அவர் மனைவி, டிக்கெட் கவுண்டரில் வேலை பார்ப்பவர். அண்ணியோடு ஒரே பெஞ்சில் படித்தவர். காலையில் அழுதுகொண்டே போன் செய்ததும் அவர்தான்.

"நாலு மணிக்கு போலீஸ் வருதுடி," என்றார் அண்ணியிடம். "அதுக்கு முன்னாடி அந்தக் கடிதத்துல கையெழுத்து விழுந்துடும். வேலையும் போச்சு, பேரும் போச்சு. திருட்டுப் பட்டத்தோட எங்கடி போவோம்?"

சுவரில் இருந்த கடிகாரம் மூன்று மணி ஐந்து நிமிடம் காட்டியது.

நிர்வாகி தொண்டையைச் செருமினார். கறுப்பு கோட்டு, கறுத்த மீசை, கறாரான குரல். "மேடம், இதுல துப்பறிய ஒண்ணுமே இல்ல. நேத்து நாலு மணிக்கு இவர் கடைசிக் கூட்டத்தை ராணியோட கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனார். மேஜை மேல இருந்த வெள்ளிக் கைமணியைக் காணோம். கேட்டா, உள்ள நுழையும்போது முதுகுக்குப் பின்னால இடது பக்கம் மணிச் சத்தம் கேட்டுச்சு, கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சுங்கறார்."

"கூடத்துக்கு எத்தனை கதவு?" என்றார் அண்ணி.

"நுழையற வழி ஒண்ணு. உள்ள போய் நின்னா வலது கைப்பக்கம் ஒரு கதவு, அது வழிகாட்டிங்க ஓய்வறை. இடது கைப்பக்கம் ஒரு கதவு, கண்ணாடி அறை. அது ஒரு மாசமா பூட்டியிருக்கு, சுண்ணாம்பு அடிக்கிறாங்க."

"அப்ப இடது பக்கம்னா கண்ணாடி அறைதானே?" என்றான் டமாரம்.

நிர்வாகி சிரித்தார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி இருந்தது. "அங்கதான் சார் யோசிக்கணும். இவர் பின்பக்கமா நடந்து போறவர். நமக்கு முகத்தைக் காட்டிட்டு உள்ள போறார். அப்ப இவரோட இடது, நமக்கு வலது. வலதுல என்ன இருக்கு? இவங்க ஓய்வறை. யாரோ கூட்டாளியை உள்ள விட்டு எடுக்க வச்சிருக்கார். தன்னை அறியாம உண்மையைச் சொல்லிட்டார்."

"ஓய்வறையில மணி கிடைச்சுதா?"

"இல்ல. அதுக்குள்ள கடத்திட்டாங்க."

அண்ணி ரிவர்ஸ் கியரைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"இடது பக்கம்னுதான் மேடம் எனக்குத் தோணுச்சு." அவர் நிர்வாகியைப் பார்த்தார். "சார் விளக்கினதும் அதுவும் சரிதான் போலிருக்குன்னு நினைச்சேன். இந்த இடது வலதுல நான் வீட்டுலயே ஜெயிச்சதில்ல. பூட்டின அறைக்குள்ள யார் போகப்போறாங்க?"

"இன்னொரு பொய்யும் இருக்கு மேடம்," என்று நிர்வாகி ஒரு சீட்டை நீட்டினார். "மணிச் சத்தம் கேட்டதும் ஏன்யா ஓடிப் போய்ப் பிடிக்கலன்னேன். முட்டி வலின்னு டாக்டர் சீட்டைக் காட்டினார். படிச்சுப் பாருங்க, வலது முட்டின்னு எழுதியிருக்கு. இப்ப இவரை நடக்கச் சொல்லுங்க."

ரிவர்ஸ் கியர் பரிதாபமாக நான்கு அடி நடந்தார். நொண்டியது இடது கால்.

"பார்த்தீங்களா? எந்தக் கால்னுகூட ஒழுங்கா பொய் சொல்லத் தெரியல."

டமாரம் ரிவர்ஸ் கியரையே பார்த்தான். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தால் திருடர் மாதிரி தெரியவில்லை. ஆனால் சீட்டும் காலும் ஒன்றுக்கொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தால் யார் என்ன செய்ய முடியும்? அவன் அண்ணியை ஓரக்கண்ணால் பார்த்தான். அண்ணி அந்தச் சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு வந்தால் யாரோ மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று அர்த்தம். வீட்டில் பெரும்பாலும் அண்ணன்தான் மாட்டுவார்.

"கூடத்தைப் பார்க்கலாமா?" என்று அண்ணி எழுந்தார்.

வெளியே வரும்போது டமாரம் அவர் காதருகே குனிந்தான். "அண்ணி, நிர்வாகியோட தோள்பட்டையைப் பார்த்தீங்களா? தங்கமா மின்னுது. இந்த அரண்மனை கஜானாவே அவர் கோட்டுலதான் ஒட்டிக்கிட்டு இருக்கு."

"ஜிகினாத் தூள் தம்பி. பார்த்துட்டேன்."

"நான் பேசி முடிக்கறதுக்குள்ள முந்திக்கிறீங்களே."

ராணியின் கூடத்துக்கு ஒரு நீளமான குறுகிய நடைவழியாகப் போக வேண்டும். இரண்டு பேர் ஒன்றாக நடந்தால் தோள் இடிக்கும், முன்னால் போகிறவரைத் தாண்டி எதுவும் தெரியாது. அண்ணி நடைவழியின் தொடக்கத்தில் நின்று, "நேத்து எப்படிப் போனீங்களோ அப்படியே எங்களைக் கூட்டிட்டுப் போங்க. கதையும் சொல்லணும்," என்றார்.

ரிவர்ஸ் கியர் தயங்கினார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, முதுகைக் கூடத்துக்குக் காட்டி, பின்னால் நடக்கத் தொடங்கினார். முதல் மூன்று அடியில் இருந்த கூச்சம் நான்காவது அடியில் காணாமல் போனது. குரல் நிமிர்ந்தது, கை தானாக எழுந்தது.

"வாங்க, வாங்க, தலையை மட்டும் பார்த்துக்குங்க. ராணி குள்ளம், ராஜா உயரம். வாசல் நிலையை ராணியோட உயரத்துக்குத்தான் வச்சாங்க. ராஜா தினமும் ராணிக்குத் தலை குனிஞ்சுதான் உள்ள வரணும்!"

நிலைப்படி வந்தது. திரும்பிப் பார்க்காமலே குதிகாலைச் சரியாகத் தூக்கி வைத்துத் தாண்டினார். கண்ணைத் திறந்துகொண்டு நேராக நடந்து வந்த டமாரம்தான் தடுக்கி, அண்ணியின் கைப்பையைப் பிடித்துத் தப்பித்தான்.

"இதோ, நடுவுல தெரியுதே மேஜை, அதுல ராணியோட கைமணி..." அவர் குரல் சட்டென்று தாழ்ந்தது. மேஜையில் பட்டுத் துணி மட்டும்தான் இருந்தது. ஆனாலும் அவர் கதையை விடவில்லை. "அதை ராணி ஒரு தடவை ஆட்டினா ராஜா எங்க இருந்தாலும் ஓடி வந்துடுவாராம். ரெண்டு தடவை ஆட்டினா எங்கயாவது ஓடி ஒளிஞ்சுக்குவாராம். இப்ப எல்லாரும் இடது பக்கம் பாருங்க. பூட்டியிருக்கிற கதவுக்குப் பின்னால இருக்கிறது கண்ணாடி அறை."

டமாரம் இடது பக்கம் திரும்பினான். கதவு இருந்தது. 'பராமரிப்புப் பணி, அனுமதி இல்லை' என்ற பலகையும் இருந்தது.

"அங்கேயே நில்லுங்க," என்றார் அண்ணி. "என்னைப் பார்த்தே பதில் சொல்லுங்க. குனிஞ்சு பார்க்கக் கூடாது. உங்க கைக்கடிகாரம் எந்தக் கையில இருக்கு?"

ரிவர்ஸ் கியர் யோசிக்கவே இல்லை. "வலது கையில, மேடம்."

எல்லோருடைய கண்ணும் கீழே போனது. கடிகாரம் அவருடைய இடது மணிக்கட்டில் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது.

டமாரம் வாயைத் திறந்தான். சொல்வதற்கு ஒன்றும் கிடைக்காமல் மூடிக்கொண்டான். அவன் வாழ்நாளில் இது இரண்டாவது முறை.

"டாக்டர்கிட்ட எங்க உட்கார்ந்திருந்தீங்க?" என்றார் அண்ணி.

"அவருக்கு எதிர்லதான்."

"எந்த முட்டி வலிக்குதுன்னு அவர் கேட்டார். தலையைத் தூக்கிப் பார்த்தாரா?"

"எங்க? அன்னைக்குக் கூட்டம். எழுதிட்டே கேட்டார். வலது முட்டின்னேன். அப்படியே எழுதிக் குடுத்துட்டார்."

அண்ணி நிர்வாகியின் பக்கம் திரும்பினார். "பத்தொன்பது வருஷமா இவர் நாள் முழுக்க எதிர்ல நிக்கறவங்களுக்கு வழி சொல்றார். அவங்களோட இடது, அவங்களோட வலது. இவருக்குன்னு ஒரு இடது வலது இருந்ததே மறந்து போச்சு. தன்னோட கையையும் காலையும்கூட எதிராளியோட பக்கம் வச்சுத்தான் சொல்றார். பொய் சொல்றவரா இருந்தா கால் விஷயத்துல இப்படி மாட்டிக்க மாட்டார். உண்மையைச் சொல்றதாலதான் மாட்டிக்கிட்டார்."

"அட ஆமாம்!" என்றார் அவர் மனைவி. "என் பக்கத்துல நின்னுட்டே சர்க்கரை டப்பா வலது பக்கம்பார். நான் இடது பக்கம்தான் கையை விடுவேன், டப்பா இருக்கும். இத்தனை வருஷத்துல இது ஒரு விஷயமாவே எனக்குத் தோணலடி."

"பழகிப் போச்சு. நாங்கள்லாம் பழகாதவங்க, அதனால கண்ணுல பட்டுச்சு." அண்ணி நிர்வாகியை விடவில்லை. "சார், இடது பக்கம்னு இவர் சொன்னதை நீங்க ஒரு தடவை திருப்பிப் போட்டீங்க. ஆனா இவர் ஏற்கனவே திருப்பித்தான் சொன்னார். உள்ள வர்றவங்களோட இடது. அதாவது கண்ணாடி அறை."

நிர்வாகி கதவுக்கு முன்னால் போய் நின்றார். "அது பூட்டியிருக்கு. சாவி சுண்ணாம்பு அடிக்கிறவன்கிட்ட இருக்கு. தரை எல்லாம் ஈரம். வேணும்னா நாளைக்குக் காலையில..."

டமாரம் கதவருகே போய் மூக்கைச் சுளித்து மூச்சை இழுத்தான். "சுண்ணாம்பு வாசனையே வரலையே சார். சென்ட் வாசனைதான் வருது. பெரிய இடத்துச் சுண்ணாம்பு போலிருக்கு."

"கிண்டல் பண்ற நேரமா இது?"

"தப்புதான் சார். ஒரே ஒரு சந்தேகம். சுண்ணாம்பு அடிக்கிற அறைக்குப் போய்ட்டு வந்தா கோட்டுல வெள்ளையா ஒட்டணும். உங்க தோள்ல ஏன் தங்கமா ஒட்டியிருக்கு?"

நிர்வாகி அவசரமாகத் தோளைத் தட்டினார். தட்டிய கையும் மின்னியது.

அந்த நேரத்தில் கதவின் அடியில் பளீரென்று ஒரு வெளிச்சம் வந்து மறைந்தது. தொடர்ந்து உள்ளேயிருந்து ஓர் உற்சாகமான குரல் கேட்டது. "சார், இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து! ராஜா மாதிரி சிரிங்க, பல் டாக்டர்கிட்ட சிரிக்கிற மாதிரி வேண்டாம். மேடம், நீங்க அந்த மணியை எடுங்க. ம், ஆட்டுங்க!"

டிங்.

அந்தச் சத்தம் மெல்லியதாக, இனிமையாக, ரொம்ப நேரம் காற்றில் நின்றது. ரிவர்ஸ் கியரின் கண்கள் நிரம்பிவிட்டன. வருடத்துக்கு ஒருமுறை மெருகு போடும் நாளில் மட்டும் அவர் கேட்கும் சத்தம் அது.

"அதேதான்," என்றார். "ராணி மணி. அதேதான்."

டிங், டிங்.

"ரெண்டு தடவை ஆட்டிட்டாங்க சார்," என்றான் டமாரம் நிர்வாகியிடம். "ஒளிய இடம் பார்த்து வச்சிருக்கீங்களா?"

சாவி நிர்வாகியின் கோட்டுப் பையிலேயே இருந்தது. கதவு திறந்ததும் உள்ளே நூறு கண்ணாடிகளில் நூறு ராஜாக்களும் நூறு ராணிகளும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அட்டைக் கிரீடம் வைத்த ஒரு மணப்பெண், பாதி பிய்ந்து தொங்கும் ஒட்டு மீசையோடு ஒரு மாப்பிள்ளை, அவர்களுக்கு எதிரே ஒரு புகைப்படக்காரர். அடுத்த மாதம் கல்யாணமாம். தரையில் இரண்டு பேர் நிற்க வேண்டிய இடத்தில் வண்ண டேப்பால் பெருக்கல் குறி போட்டிருந்தது. ஓரத்தில் ஒரு பெரிய தகரப் பெட்டி. அதற்குள் பிளாஸ்டிக் வாள், காகித விசிறி, முத்து மாலை என்ற பெயரில் ஒரு மூட்டை பாசி மணி. மூலைக்கு மூலை ஜிகினா கொட்டிக் கிடந்தது.

மணப்பெண்ணின் கையில் வெள்ளிக் கைமணி.

புகைப்படக்காரர் கேமராவைக் கீழே வைத்தார். ஒரு மாதமாகப் பின்கட்டு வாசல் வழியாக ஜோடிகளை இங்கே கூட்டி வருவதாகவும், நிர்வாகிதான் அறையைத் திறந்து விடுவதாகவும் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டார். "நேத்து வந்த பொண்ணு, கூடத்துலயும் ஒரு படம் வேணும்னு ஒரே அடம். இந்த நடுக்கதவை உள்ளேயிருந்து சாவி இல்லாமயே திறக்கலாம். ஒரு நிமிஷம்தானேன்னு அது வழியா அழைச்சிட்டுப் போனேன். அதுக்குள்ள ஏதோ கூட்டம் வர்ற சத்தம் கேட்டுச்சு. எல்லாரும் விழுந்தடிச்சு உள்ள ஓடி வந்துட்டோம். அந்தப் பொண்ணு கையில இருந்ததை அப்படியே பெட்டியில போட்டுட்டுப் போயிருக்கு. எனக்கென்னங்க தெரியும்? நம்ம பெட்டியில இருக்கே, நம்ம சாமான்தான்னு நினைச்சுட்டேன்!"

"இருபது பிளாஸ்டிக் சாமானுக்கு நடுவுல ஒரே ஒரு நிஜம்," என்று டமாரம் மணியை வாங்கி, துணி விரித்த மேஜையில் பூ மாதிரி வைத்தான். "பாவம், அதுக்கே தன் மேல சந்தேகம் வந்திருக்கும்."

நிர்வாகி ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "மணி இங்க இருக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாது மேடம்."

"தெரியாதுதான்," என்றார் அண்ணி. குரலில் கோபம் இல்லை, அதனால்தான் கேட்கப் பயமாக இருந்தது. "மணியை நீங்க எடுக்கல. ஆனா இவர் இடது பக்கம்னதும் உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கு. அந்தக் கதவைத் திறந்தா உங்க ரகசியம் வெளிய வந்துடும். இடதை வலதாக்க ஒரு புத்திசாலித்தனமான காரணம் கிடைச்சுது. அதை நீங்களே நம்பிட்டீங்க. நம்பறது வசதியா இருந்துச்சு. அதுக்கு விலை, இந்த மனுஷனோட பத்தொன்பது வருஷம்."

நிர்வாகி போலீஸ் நிலையத்துக்குப் போன் செய்து, பொருள் கிடைத்துவிட்டது, வர வேண்டாம் என்றார். கையெழுத்துக்குக் காத்திருந்த கடிதத்தை வரவழைத்து, எல்லோர் முன்னாலும் நான்காகக் கிழித்தார்.

"அரண்மனை அறங்காவலர்களுக்கு இந்தக் கண்ணாடி அறை விஷயம் நாளைக்குள்ள தெரிஞ்சாகணும்," என்றார் அண்ணி. "நீங்களே சொன்னா மரியாதை. இல்லன்னா என்கூட ஒரு டமாரம் இருக்கு."

"நானே சொல்லிடறேன்," என்றார் நிர்வாகி. அவர் டமாரத்தைப் பார்த்த பார்வையில் நிஜமான பயம் இருந்தது. டமாரத்துக்கு ஒரே பெருமை. தன் வாய்க்கு இப்படி ஒரு மதிப்பு கிடைத்ததை உடனே அண்ணனுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும் போலிருந்தது.

மணி நாலு ஆக ஐந்து நிமிடம். நடைவழியின் அந்த முனையில் கடைசிக் கூட்டம் வழிகாட்டிக்காகக் காத்து நின்றது. முப்பது பேர் இருப்பார்கள். ஒரு குழந்தை தூக்கத்துக்கு அழுதது. மணப்பெண்ணும் ஒட்டு மீசை மாப்பிள்ளையும் கிரீடத்தோடு அந்தக் கூட்டத்தின் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். டமாரமும் டிக்கெட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் நின்றான்.

நிர்வாகி பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு ரிவர்ஸ் கியரின் முன்னால் வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

"எந்தப் பக்கம் குத்தணும்?" என்று மட்டும் கேட்டார்.

"வலது பக்கம் சார்."

நிர்வாகியின் கை அவருடைய வலது மார்புக்குப் போனது. குறுக்கே வந்த மனைவி வெடுக்கென்று வில்லையைப் பிடுங்கினார். இடது பக்கம், சட்டைத் துணியில் ஊசி குத்திக் குத்தி நிரந்தரமாகிப்போன இரண்டு ஓட்டைகளிலேயே அதைக் குத்தினார். ஒருமுறை தடவிச் சரி செய்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவர் வலதுன்னா இடதுங்க," என்றார் நிர்வாகியிடம். பிறகு கணவரைப் பார்த்து, "போங்க, கூட்டம் நிக்குது. நான் கவுண்டருக்குப் போகணும்," என்றார்.

ரிவர்ஸ் கியர் நடைவழியின் அந்த முனைக்குப் போனார். கூட்டத்தைப் பார்த்து நின்றார், ஒரு மூச்சு இழுத்தார், பின்னால் ஓர் அடி வைத்தார். நொண்டுகிற கால்தான். ஆனாலும் குரல் முதல் வார்த்தையிலேயே நிமிர்ந்துவிட்டது. நிலைப்படியைக் குதிகாலால் கண்டுபிடித்துத் தாண்டி, முப்பது பேரையும் கூடத்துக்குள் இழுத்து வந்து, மேஜையில் மின்னும் மணியைக் காட்டினார். ஒரு தடவை ஆட்டினால் ஓடி வருகிற ராஜாவைப் பற்றியும் இரண்டு தடவை ஆட்டினால் ஓடி ஒளிகிற ராஜாவைப் பற்றியும் சொன்னார். கூட்டம் சிரித்தது. அழுத குழந்தையும் சிரித்தது.

"இப்ப எல்லாரும் இடது பக்கம் பாருங்க!"

முப்பது தலைகள் இடது பக்கம் திரும்பின. இந்த முறை நிர்வாகியும் சரியான பக்கம் திரும்பினார்.